உருவாரப் படை: கண்ணு தொறக்காத 29 உருப்படி

வைகாசில ஆரம்பிச்சதுங்க, ஐப்பசி பாதில தான் முடிஞ்சுது. நடுவுல ஆடி மாசம் கிட்டத்தட்ட பூராவும் தொடவே இல்ல, அது ஏன்னு பின்னால வருது. மொத்தம் 29 உருப்படி, பத்து பேஸ் (பொம்மைகள ஒட்டி நிறுத்தற அடித்தட்டு), ஒரு கோட்டை. ஒன்னத் தவர எல்லாமே சூலூர்ல எங்க ஊட்டு மாடிப்படிக்குக் கீழ வெள்ளீயம் உருக்கி வார்த்தது.

மினியேச்சர் வார்கேம்னா என்னன்னு கேக்கறவங்களுக்கு ரெண்டு வரில சொல்லிடறேன். விரல் கட்டை அளவு பொம்மைகள வாங்கியோ செஞ்சோ பெயின்ட் அடிச்சு படையா மேசைல நிறுத்தி, டைஸ் உருட்டி, ஸ்கேல் வெச்சு அளந்து நகத்தி ஆடறது. ஆட்டம் ஒரு மணி நேரம், அதுக்கு முன்னாடி படை செய்யறது ஆறு மாசம். எங்க ஊட்டுல இத "பெரியாள் சொப்பு வெளையாட்டு"ன்னு தான் சொல்றாங்க, அதுல தப்பு ஒன்னும் இல்ல.

நாங்க நாலு பேரு ஆடறது ஹோர்ட்ஸ் ஆஃப் த திங்ஸ்னு 1991ல வந்த பழைய ரூல்ஸ். இதுல படைக்கு 24 பாயின்ட் தான், ரெண்டடிக்கு ரெண்டடி பலகை போதும், 15 மில்லிமீட்டர் சைஸ் பொம்மைக்கு எல்லா பேஸும் 40 மிமீ அகலம். 15 மிமீன்னா ஒரு ஆளு உள்ளங்கால்ல இருந்து கண்ணு வரைக்கும் அவ்வளவு தான் உசரம். முக்கியமா இந்த ரூல்ஸ்ல உன்ற படை இன்ன கம்பெனி பொம்மையா தான் இருக்கோணும்னு கட்டாயம் இல்ல. ஹீரோ, ரைடர், பீஸ்ட், பெஹிமத் (பூதாகரமான மிருகம்), ஹோர்ட் (கூட்டமா வர்ற கும்பல்)னு வகை தான் இருக்கு, அந்த வகைக்குள்ள எதைக் கொண்டு வந்து நிறுத்தறதுங்கறது உன்ற இஷ்டம். ஈரோட்டு மாப்ள எலும்புக்கூட்டுப் படை வெச்சிருக்கான், இன்னொருத்தன் ரோமாபுரி, எனக்கு வெளிநாட்டுப் படை பூரா பாத்துப் பாத்து சலிச்சுப் போச்சு. எல்ஃப் காதக் கூர்மையா பெயின்ட் பண்ணி எனக்கு என்னங்க ஆகப் போகுது.

ஐடியா வந்தது உடுமலைப் பக்கம் சோமவாரப்பட்டி ஆல்கொண்டமால் கோயில்ல. பொங்கல் சமயத்துல சுத்துப்பட்டு விவசாயிகள் மாட்டுப் பால் கொண்டு வந்து ஊத்தி, மாடு கன்னு நல்லாருக்கோணும்னு மண்ணுல செஞ்ச உருவாரம் வெச்சுட்டுப் போவாங்க. உருவாரம்னா நம்ம பக்கம் தெரியும், வேண்டுதலுக்கு வெக்கற மண்பொம்மை, மாடு, குதிரை, நாயி, மனுசன்னு கோயிலுக்குக் கோயில் மாறும். எங்க ஊருப் பக்கத்துக் கோயில் ஒன்னுல மரத்தடில பழசு எல்லாம் குமிஞ்சு கிடக்கும், கால் போனது, கொம்பு போனது, மழைல பாசி புடிச்சது. அதப் பாத்துட்டு நின்னப்ப தான் தோணுச்சு, இதுங்க ரவைக்கு எந்திரிச்சு வந்தா எப்படி இருக்கும்னு. அம்புட்டு தான் தீம்.

24 பாயின்ட்ட இப்படி பிரிச்சேன். பெரிய குதிரை ஒன்னு ஹீரோ, அது தான் தளபதி, 4 பாயின்ட். பெரிய காளை ரெண்டு, பெஹிமத், ஆளுக்கு 4. குதிரை மூணு பேஸ் ரைடர் கணக்குல, ஆளுக்கு 2, ஒரு பேஸுக்கு ரெண்டு குதிரை. குதிரை மேல ஆளே இல்லயேன்னு மாப்ள கேட்டான், உருவாரக் குதிரைக்கு எவன்டா ஏறி உக்காருவான்னு சொல்லிட்டேன். நாயி ரெண்டு பேஸ் பீஸ்ட், மூணு மூணு நாயி, அதுவும் ஆளுக்கு 2. மிச்சம் ரெண்டு பாயின்ட்டுக்கு ரெண்டு பேஸ் ஹோர்ட், ஒன்னுல ஏழு மண் மனுசங்க. விலை ஒசந்த உருப்படிக்குப் பாதி பாயின்ட்டுக்கு மேல செலவு பண்ணக் கூடாதுன்னு ரூல், எனக்கு சரியா 12ல வந்து நின்னுது.

இந்த ரூல்ஸ்ல 'கடவுள்'னே ஒரு உருப்படி இருக்குங்க, அதுவும் 4 பாயின்ட் தான், டைஸ்ல 6 விழுந்தா தான் மேசைக்கு வரும். கருப்பராயன வெச்சா எவ்வளவு கெத்தா இருக்கும்னு ஒரு நிமிசம் நெனச்சேன், அப்பறம் அம்மிச்சி (அம்மாவப் பெத்த பாட்டி) மொகம் ஞாபகம் வந்துது. சாமிய டைஸ் உருட்டிக் கூப்படறதெல்லாம் நமக்கு வேண்டாம். சாமிக்கு வெக்கற பொம்மை மட்டும், சாமி இல்லன்னு முடிவு பண்ணிட்டேன்.

மாஸ்டர், அதாவது அச்சு எடுக்கற மூலப் பொம்மை, செய்யறது ஈசின்னு நெனச்சேன். உருவாரத்துக்கு காலு தூண் மாதிரி, வாலு உடம்போட ஒட்டி, முகம் ரெண்டு கிள்ளு, இதுக்கென்னனு. உள்ள கம்பி வளச்சு மேல எம்-சீல் அப்பி, ஈரக் கையில நீவி முடிச்சேன். காஞ்ச பொறகு பாத்தா என்ற கைரேகை மாட்டு முதுகு மேல ஒழவு ஓட்டுன காடு மாதிரி தெரியுது! நெசமான உருவாரத்துல கொசவர் பெருவிரல் தடம் அழகா இருக்கும், அதே தடம் மூணு சென்டிமீட்டர் மாட்டுல வந்தா மாடே விரலுக்குள்ள போயிருது. மறுபடி தேய்ச்சு, ஊசி முனைல சின்னச் சின்னதா அமுக்கி அந்தத் தடத்த 'வரைஞ்சேன்'. சின்ன சைஸ்ல நெசத்த அப்படியே வெச்சா நெசமா தெரியாது, பொய்யா செய்யோணும். குதிரை, காளை, நாய், மனுசன் நாலு மாஸ்டர் மோல்டுக்கு. தளபதிக் குதிரை ஒரே ஒன்னு தான் வேணும்ங்கறதால அத வார்க்கவே இல்ல, எம்-சீல்லயே நிக்குது.

நான் வேலை பாக்கறது பம்ப் கம்பெனில, பேட்டர்ன் டிசைன். அதனால மோல்டு, பார்ட்டிங் லைன், ரன்னர், ரைசர் எல்லாம் வாயில வரும், கையில பண்ணது கம்மி, அந்தத் திமிரு மொத மோல்டுலயே எறங்கிருச்சு. முறை இது தான்: மாஸ்டர பாதி வரைக்கும் களிமண்ணுல புதைச்சு, சுத்தியும் அட்டைல பெட்டி கட்டி, ரெண்டு பாதியும் சரியா உக்கார குழி குழியா அமுக்கி, மேல சிலிக்கான் ரப்பர் ஊத்தணும். நான் வாங்குனதுல எடைக்கு 2ல இருந்து 3 சதவீதம் கேட்டலிஸ்ட், தராசு இல்லாம கண்ணளவுல ஊத்தாதீங்க. ஒரு நாள் கழிச்சு திருப்பி, களிமண்ண எடுத்துட்டு, வேசலின் தடவி, அடுத்த பாதி ஊத்தணும். அந்த வேசலின் தடவறத நாயி மோல்டுல மறந்துட்டேன். ரெண்டு பாதியும் ஒன்னோட ஒன்னு ஒட்டி ஒரே ரப்பர் கட்டி, உள்ள எங்கயோ ஒரு நாயி. பிளேடு போட்டு அறுத்து எடுத்ததுல நாயிக்கு ஒரு காது போச்சு. போன காதோடயே அடுத்த மோல்டு எடுத்துட்டேன், அதனால என்ற படைல ஆறு நாய்க்கும் இடது காது மூளி.

உலோகத்துக்கு லெட் இல்லாத சால்டர் பார் வாங்குனேன், 99.3 சதவீதம் வெள்ளீயம், மிச்சம் தாமிரம், 227 டிகிரில உருகும். பழைய பொம்மை எல்லாம் காரீயக் கலப்புல தான் வந்துது, அது வெலை கம்மி, நல்லா ஓடும், ஆனா ஊட்டுல சின்னக் கொழந்தை இருக்குது, தேய்க்கற தூசி வேற, வேண்டாம். நம்மூட்டு ரசம் வெக்கற ஈயச்சொம்பும் வெள்ளீயம் தான், காலிச் சொம்ப மறந்து அடுப்புல வெச்சு ஒழுக விட்ட ஊடு எத்தனை இருக்கும்! அதே சங்கதிய தான் நான் வேணும்னே பண்றேன்னு அம்மாகிட்ட வெளக்குனேன், அவங்க மறுநாளே சொம்பத் தூக்கி பீரோல பூட்டிட்டாங்க.

உருக்கறதுக்குன்னு தனி இரும்புக் கரண்டி, தனி ஸ்டவ், கண்ணாடி, தோல் கையுறை, ஷூ. சொட்டுத் தண்ணி பக்கத்துல இருக்கக் கூடாது, ஈரம் இருக்கற எடத்துல உருகுன உலோகம் பட்டா நீராவி ஆகி மொகத்துல தெறிக்கும். சூடு பதம் பாக்க தீக்குச்சிய மருந்து இல்லாத பக்கமா உள்ள விட்டு எடுத்தா பழுப்பாகோணும், கருகி எரிஞ்சா சூடு அதிகம். மோல்டு உள்ள டால்கம் பவுடர் பூசி, அதிகப்படியத் தட்டி விட்டுட்டு ஊத்துனா உலோகம் மூலை முடுக்கெல்லாம் நல்லா ஓடுது.

ஆனா கொம்பு? கொம்பு வரலைங்க. உடம்பு, திமில், காலு எல்லாம் அச்சு மாதிரி வந்துருது, கொம்பு மட்டும் பாதில மழுங்கி நிக்குது. சூட்ட ஏத்துனேன், வேகமா ஊத்துனேன், பவுடர் மாத்துனேன், மோல்ட சூடு பண்ணேன். ஒன்பது காளை, ஒன்பதும் மொட்டை. கம்பெனில இருந்து ரிட்டயர் ஆன மோல்டர் அண்ணன் ஒருத்தரு பக்கத்து வீதில இருக்காரு, பொழுதோட ரெண்டு மொட்டைக் காளையக் கொண்டு போய்க் காட்டுனேன்.

"ஏந்தம்பி, இதுல காத்து எங்க போகுது?"

"மேல ஊத்தற வழியாவே வெளிய வந்துரும்னு நெனச்சேனுங்ணா."

"உள்ள வர்றவனும் வெளிய போறவனும் ஒரே வாசல்ல முட்டிக்கிட்டா எவன் போவான்? கொம்பு முனைல போய் காத்து மாட்டிக்குது தம்பி. அங்கிருந்து மேல வரைக்கும் ஒரு கீறல் போடு, முடி கனம் போதும். காத்து போனாத்தான் ஈயம் வரும்."

இது தெரியாத விசயம் இல்ல. பம்ப் கேசிங்குக்கு வென்ட் வெக்காம ட்ராயிங் குடுத்தா என்னையே திட்டுவாங்க. ஊட்டுல மாட்டு பொம்மைன்னதும் மூளைய கம்பெனிலயே வெச்சுட்டு வந்துருக்கேன். அறுவைக் கத்தி மாதிரி இருக்கற பிளேடுல ரெண்டு கொம்பு முனைல இருந்தும் மோல்டோட மேல் விளிம்பு வரைக்கும் மெல்லிசா வி கீறல் போட்டேன். அடுத்த வார்ப்புல ரெண்டு கொம்பும் முழுசா வந்து, கொம்பு முனைல இருந்து மீசை மாதிரி ரெண்டு மெல்லிய ஈயக் கம்பியும் நீட்டிட்டு நின்னுது. அதக் கிள்ளி எடுத்து ஃபைல் போட்டா முடிஞ்சுது. ஒரு காளை 25 கிராம் பக்கம் வருது, கைல வெச்சா கனமா நல்லா இருக்கு, பிளாஸ்டிக்ல இந்த சொகம் இல்ல.

மொட்டைக் காளைகள மறுபடி உருக்கப் போனேன். ஃபவுண்டரில அது தான் வழக்கம், கெட்டுப் போனது திரும்ப உலைக்குப் போகும். நாலஞ்ச உருக்கிட்டு, மிச்சத்த ஏதோ தோணி ஒரு டப்பால போட்டு வெச்சேன்.

இப்ப ஆடி. பாலக்காட்டுக் கணவாய் வழியா அடிக்கற காத்து சூலூர்ல எப்படி இருக்கும்னு இந்தப் பக்கம் இருக்கறவங்களுக்கு சொல்ல வேண்டியதில்ல, கொடில போட்ட துணி அடுத்த தெருவுல கெடக்கும். அந்தக் காத்துல மொட்டை மாடில நின்னு ஸ்ப்ரே ப்ரைமர் அடிச்ச புத்திசாலி நான் தான். ஊட்டுக்குள்ள அடிச்சா நாத்தம், ஞாயித்துக்கெழமை தான் லீவு, செவுத்து மறவுல நின்னா போதும்னு ஒரு கணக்கு. கேட்டுக் கம்பிக்கு அடிக்கற ரெட் ஆக்சைடு ப்ரைமர் டப்பா, நெறமே சுட்ட மண்ணு நெறம்ங்கறதால அதத் தேர்ந்தெடுத்தேன், அந்தத் தேர்வு மட்டும் கரெக்ட்டு. 29 உருப்படியும் ஒரு பலகைல ஒட்டி வெச்சு அடிச்சேன். காத்துல பெயின்ட் துளி பொம்மைக்குப் போய்ச் சேர்றதுக்குள்ளயே பாதி காஞ்சு, பொடியா போய் ஒட்டிருக்கு. தொட்டுப் பாத்தா உப்புத்தாள் மாதிரி சொரசொரன்னு. நாய்க்கு மொகமே இல்ல.

உலோகமா இருந்ததுல ஒரு நல்லது, தின்னர்ல போட்டு ஊற வெச்சா உரிஞ்சுரும். பிளாஸ்டிக் பொம்மைய அப்படிப் போட்டீங்கன்னா பொம்மையே கூழாயிரும், பாத்துக்கோங்க. 28ஐயும் மூடி போட்ட டப்பால ரவைக்குப் போட்டு, காலைல பழைய டூத் பிரஷ்ல தேய்ச்சேன். தளபதிக் குதிரை எம்-சீல், தின்னர்ல எளகிருமோன்னு பயந்து அத மட்டும் தொடல. அப்பறம் வெறுத்துப் போய் எல்லாத்தையும் எடுத்து வெச்சுட்டேன், அது தான் அந்த ஒரு மாசம்.

ஆவணில சும்மா இருக்காம அந்தச் சொரசொர குதிரை மேலயே பர்ன்ட் அம்பர் கலர நல்லா தண்ணியாக் கரைச்சு ஒரு வாஷ் விட்டுப் பாத்தேன், வீணாப் போனது தானேன்னு. அந்தச் சொரசொரப்புக்குள்ள பழுப்பு எறங்கி, மேட்டுல மட்டும் செவப்பு நின்னு, அசல் சுட்ட மண்ணுங்க! பொறிப்பொறியா, மணல் கலந்த மாதிரி. உரிச்சு எடுத்த 28ல காளையும் குதிரையும் எட்டும் இப்படித்தான் இருக்கோணும்னு அப்ப தெரியுது. அப்பறம் என்ன, மறுபடி மாடிக்குப் போய், வழக்கமா ஒரு சாண் தூரத்துல அடிக்கறத ரெண்டடி தள்ளி நின்னு வேணும்னே காத்துல அடிச்சேன். நாயும் மனுசனும் சின்னது, அதுகளுக்கு இது ஆகாது, மொகம் அடைஞ்சுரும், அதுகள மட்டும் விடிகாலைல காத்து எந்திரிக்கறதுக்கு முன்னாடி கிட்டத்துல நின்னு மெல்லிசா அடிச்சேன்.

பெயின்ட்டுக்கு மாடலா வெச்சது எங்க ஊட்டு மண்பானையும் ரெண்டு பூந்தொட்டியும். சுட்ட மண்ணுன்னதும் எல்லாரும் ஒரே ஆரஞ்சு அடிச்சு முடிச்சர்றாங்க. தொட்டிய வெய்யில்ல வெச்சுப் பாருங்க, ஒரே நெறம் எங்கயும் கிடையாது. சூளைல காத்தோட்டம் இருக்கற பக்கம் மண்ணுல இருக்கற இரும்பு செவந்துரும், காத்து போகாம பொக சூழ்ந்த பக்கம் கருத்துரும். அடியில தண்ணி ஏறி எறங்கற எடத்துல உப்பு வெள்ளையா பூத்திருக்கும். நெழல் பக்கம் பச்சப் பாசி. இந்த நாலும் வந்தா மூணடி தள்ளி நின்னாலும் கண்ணு மண்ணுன்னு நம்பிரும்.

ரெட் ஆக்சைடு மேல பர்ன்ட் அம்பர் வாஷ். காஞ்ச பொறகு பர்ன்ட் சியன்னால கொஞ்சம் எல்லோ ஓக்கர் கலந்து, பிரஷ்ஷ துணில தொடச்சு தொடச்சு கிட்டத்தட்ட பெயின்ட்டே இல்லாத மாதிரி ஆக்கிட்டு, மேட்டு எடத்துல மட்டும் ட்ரை பிரஷ். அப்பறம் பாத்திரம் கழுவற ஸ்பாஞ்சுல ஒரு துணுக்குப் பிச்சு, கருப்பு தொட்டு, பேப்பர்ல ஒத்திட்டு, ஒவ்வொரு மாட்டுக்கும் ஒரு பக்க வயித்துல மட்டும் பொகத் தழும்பு. ரெண்டு பக்கமும் போட்டா புள்ளி மாடு ஆயிருது, ஒன்னு ஆச்சு, திருப்பி அடிச்சேன். கால் அடியில வெள்ளைல உப்புப் பூ, பிரஷ் நுனில குத்திக் குத்தி. பாசி கொஞ்சமே கொஞ்சம் போதும்.

காளைக்கு சுண்ணாம்புப் பட்டை போட்டப்ப ரோட்டுல ஜீப்ரா கிராசிங் மாதிரி பளிச்னு நின்னுது. பாதி காயறப்ப ஈர விரலால அழுத்தித் தேய்ச்சேன், பள்ளத்துல மட்டும் வெள்ளை நின்னு, மேட்டுல போயிருச்சு, நாலு மழை பாத்த பட்டை. எல்லாக் கலரும் கடைல கிடைக்கற சாதா அக்ரிலிக் தான். வெளிநாட்டு டப்பா 17 மில்லிக்குக் குடுக்கற காசுல நம்மூர்ல செட்டே வாங்கிரலாம், மனுசத் தோலு, பட்டுத்துணின்னா அது வேணும், மண்ணுக்கு எதுக்கு.

எல்லாத்தையும் மொத தடவ மேசைல பரப்பி நின்னு பாத்தேன். ஒரே செங்கக் குமியல். ஒவ்வொன்னும் தனியா பாத்தா அழகு, படையா பாத்தா எது ஹீரோ எது ஹோர்ட்னு தெரியல. அதனால தளபதிக் குதிரைக்கு மட்டும் மஞ்ச தையல் நூல முறுக்கி செவ்வந்தி மாலை, காளைக்கு மட்டும் சுண்ணாம்பு, நாய்க்கு பொகக் கருப்பு தூக்கலா, மனுசங்களுக்கு எதுவும் இல்லன்னு பிரிச்சேன். குதிரை ஆறுக்கும் நெத்தில ஒரே ஒரு காவிப் பொட்டு.

கண்ணு மிச்சம். இந்த சைஸ்ல கண்ணு வரையறதுன்னா எல்லாப் பெயின்டருக்கும் பீதி, வெள்ளைப் புள்ளி நடுவுல கருப்புப் புள்ளி, ஒன்னு தவறுனா மாறுகண்ணு. பிரஷ்ஷ நாக்குல கூர் பண்ணிட்டு (பண்ணாதீங்க, நான் பண்ணேன்) மொதக் காளைக்கு உக்காந்தப்ப காங்கயத்துல இருந்து அம்மிச்சி வந்துருந்துது. கண்ணாடியப் போட்டு ஒவ்வொன்னா எடுத்துப் பாத்துது.

"ஏஞ்சாமி, இதென்ன மண்ணா?"

"ஈயம் அம்மிச்சி. மண்ணு மாதிரி பெயின்ட்."

"மண்ணாட்டவே இருக்குது. எங்கூட்டு மாட்டுக்குக் கோமாரி வந்தப்ப இப்படித்தான் ஒன்னு வெச்சோம்." கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "இத வெச்சு என்ன பண்ணுவே?"

"சண்ட உடுவோம்."

"உடு, உடு. கண்ணு மட்டும் தொறக்காத கண்ணு. தொறக்காதவரைக்கும் இது வெறும் பொம்ம. தொறந்துட்டீன்னா உருட்டிப் போட்டு வெளையாடற சோலி ஆகாது."

நான் பிரஷ்ஷக் கழுவி வெச்சுட்டேன். பயம்னு இல்ல, அது சொன்னது தீமுக்கும் சரியா உக்காந்துது. 29க்கும் கண்ணு எடத்துல வெறும் குழி, குழில வாஷ் தேங்கி நிழல் மட்டும். மாப்ள பாத்துட்டு எலும்புக்கூட்ட விட இது தான்டா பயமா இருக்குன்னான்.

பேஸுக்கு மொதல்ல பல்லடத்துக்கிட்ட எடுத்த செம்மண்ண டீ வடிகட்டில சலிச்சு, வாணல்ல வறுத்து, தண்ணி கலந்த ஃபெவிகால்ல ஒட்டுனேன். நெச மண்ணு, ஆனா செம்மண் மேல செம்மண் பொம்மை, பொம்மையே காணாமப் போச்சு. பிச்சு எடுத்துட்டு காங்கயம் பக்கத்துக் கொறங்காடா மாத்துனேன், சித்திரை மாசத்துக் கொறங்காடு. மேச்சலுக்குன்னு கிளுவை வேலி கட்டி விட்ட காடு, நடுவுல அங்கங்க வெள்வேலா மரம், கொழுக்கட்டைப் புல்லு காஞ்சு வெளுத்துப் போய் நிக்கும். அந்த வெளுத்த வைக்கோல் நெறத்துக்கு எதிர சுட்ட மண்ணு தூக்கலா தெரியுது. சணல் கயித்தப் பிரிச்சு நாலு மில்லிமீட்டருக்கு வெட்டி, கத்தை கத்தையா பசைல நட்டேன், பத்து பேஸுக்கு ரெண்டு பொழுது ஆச்சு. சணல் நெறமே சரியா இருக்கு, பெயின்ட் தேவையில்ல. வார்னிஷ் மட்டும் மினுமினுப்பு இல்லாத மேட்ல பிரஷ்ஷாலயே போட்டேன், ஸ்ப்ரேவ இனி ஆடி முடியாம தொடறதா இல்ல.

கோட்டைக்கு, அதாவது படையோட இருப்பிடத்துக்கு, வெள்வேலா மரம் ஒன்னு, கம்பி முறுக்கி, அடியில கல்லு மேடை. மரத்தடி காலியா இருந்துது. அப்பத்தான் அந்த டப்பா ஞாபகம் வந்து, மொட்டைக் காளை மிச்சம் இருந்தது, காது மூளி சரியா வராத நாயி, கால் நெறையாத மனுசன் எல்லாத்தையும் பெயின்ட் அடிச்சு சாச்சும் கவுத்தும் குமிச்சு ஒட்டிட்டேன். பெயின்ட் அடிச்சதுல எனக்கு ரொம்பப் புடிச்சது அது தான், படைய விட.

மொத ஆட்டம் ஐப்பசி மூணாவது ஞாயிறு, ஈரோட்டுல. எலும்புக்கூட்டோட தான். பெஹிமத்துக்கு ஒரு குணம் இருக்கு, முட்டித் தோத்து பின்வாங்குனா பின்னால நிக்கற நம்ம ஆளையே மிதிச்சுரும். காளைக்கு நேர் பின்னால ஹோர்ட நிறுத்துனது என்ற முட்டாத்தனம். ரெண்டாவது டர்ன்லயே காளை பின்வாங்கி ஏழு மனுசனும் காலி. ஆனா இந்த ரூல்ஸ்ல செத்த ஹோர்ட டைஸ்ல விழுந்த பாயின்ட்ட செலவு பண்ணி கோட்டைகிட்ட மறுபடி எழுப்பலாம், அத மரத்தடில வெச்சப்ப மேசையச் சுத்தி இருந்தவங்க எல்லாருமே "ஓ"ன்னாங்க, வருசா வருசம் புதுசு வெக்கற எடம் தானே அது. அப்பயும் தோத்துட்டேன். 6 ஒன்னு கூட விழல, கடவுள வெச்சிருந்தாலும் வந்திருக்காது.

பெட்டில எடுத்து வெக்கறப்ப ஒரு காளை கை நழுவி சிமெண்ட் தரைல விழுந்து எடது கொம்பு முறிஞ்சு போச்சு. ஒட்டலாம்னு மாப்ள ஃபெவிக்விக் கொண்டு வந்தான், வேண்டாம்டான்னு வாங்கி மரத்தடிக் குமியல் மேல வெச்சுட்டேன். புதுசா ஒன்னு வார்க்கோணும், மோல்டு இன்னும் அஞ்சாறு தாங்கும்.